அரை ஷிப்ட்

எங்கள் ஊரில் "என்ன சம்பளம்?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. "வாரத்துக்கு எத்தனை ஷிப்ட்?" என்றுதான் கேட்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையிடமே இதைக் கேட்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பையன் "ஒம்பதுங்க" என்றால் பெரியவர் தலையை ஆட்டிவிட்டு மிக்சர் தட்டில் கை வைப்பார். "ஆறுங்க" என்றால் அடுத்த கேள்வி வரும்.

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்து சாயங்காலம் ஐந்தரைக்கு எழுந்தால் ஒன்று. ராத்திரி ஒன்பதரை வரை உட்கார்ந்தால் ஒன்றரை. நடுநிசி தாண்டினால் இரண்டு. திங்கள் முதல் சனி வரை ஒன்றரை ஒன்றரையாகப் போட்டால் வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட். மாப்பிள்ளையின் மதிப்பு அந்த மூன்று உபரி ஷிப்ட்டில்தான் இருக்கிறது.

நான் 2003இலிருந்து ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியின் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சோறு. ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க ரூபாய் எண்ணி காக்கிக் கவரில் போடுவோம். சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. இப்போது பாதிப் பேருக்குப் பேங்கில் போய்விடுகிறது. கான்ட்ராக்டில் வருபவர்களுக்கு இன்றைக்கும் கவர்தான். என் மேஜைக்கு இரண்டு கணக்குகள் வரும். ஒரு பக்கம் ஷிப்பிங் பிரிவிலிருந்து டாலரில் இன்வாய்ஸ் விவரம். மறுபக்கம் ஃப்ளோரிலிருந்து வருகைப் பதிவு. ஊரின் வளர்ச்சியையும் ஊரின் கூலியையும் ஒரே மேஜையில் வைத்து இருபத்திரண்டு வருடம் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். பொருளாதாரம் படித்தவன்தான், ஆனால் சிக்கண்ணா கல்லூரியில் பி.ஏ. வரைக்கும்தான். மீதியெல்லாம் பதிவேட்டில் படித்தது.

வளர்ச்சிக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 1985இல் திருப்பூரின் ஏற்றுமதி 15 கோடி ரூபாய் என்று ஊரில் எல்லாக் கூட்டத்திலும் மேடையில் சொல்வார்கள். 2024-25இல் அது ஏறக்குறைய 40,000 கோடி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து கைதட்டல் வாங்குவது சுலபம். ரூபாயின் மதிப்பு விழுந்ததையும் சேர்த்துத்தான் அந்தக் கைதட்டல். 1985இல் ஒரு டாலர் பன்னிரண்டு ரூபாய்ச் சில்லறை, இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அதைக் கழித்து டாலரிலேயே பார்த்தாலும் நானூறு மடங்கை ஒட்டி வரும். டாலரும் நாற்பது வருடத்தில் தேய்ந்திருக்கிறதுதான். அதையும் கழித்துக்கொள்ளுங்கள், மலை மலையாகத்தான் இருக்கும். வானம் பார்த்த பூமி, தண்ணீர் வற்றிய நொய்யல், காதர்பேட்டையில் நாலு தெரு என்றிருந்த ஊர் இன்று ஆறு லட்சம் பேருக்கு வேலை தருகிறது என்கிறார்கள். இது சாதாரணக் காரியமில்லை. இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டை வரும்.

கூலிக் கணக்கை என் அப்பா டீயில் போடுவார். ஒரு ஷிப்ட் கூலிக்கு எத்தனை டீ. அவருக்கு விலைவாசிக் குறியீட்டெண் எல்லாம் தெரியாது, ஆனால் அந்தக் குறியீட்டெண் செய்கிற வேலையைத்தான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செய்வார். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் ஒரு டெய்லரின் ஒரு ஷிப்ட் கூலியை அன்றைய டீ விலையால் வகுத்துப் பார்த்தேன். போன வருடம் மறுபடி வகுத்துப் பார்த்தேன். ஏதோ நாலைந்து டீ கூடியிருக்கிறது. லைன் வீட்டு வாடகையால் வகுத்தால் குறைந்தே போகிறது.

ஏற்றுமதி எங்கேயோ போய்விட்டது, கூலி டீக்கடை வாசலிலேயே நிற்கிறது. ஆனால் அதே டெய்லர் வீட்டில் இன்று பைக் இருக்கிறது, மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள், கூரை போய் தார்சு வந்திருக்கிறது. அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று என் பதிவேட்டைக் கேட்டால் உடனே சொல்லிவிடும். ஷிப்ட் விலை ஏறவில்லை, ஷிப்ட் எண்ணிக்கை ஏறியது. அவர் ஆறு போட்ட இடத்தில் ஒன்பது போட்டார். வீட்டம்மா தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங்குக்கு வர ஆரம்பித்து அவரும் ஏழு, எட்டு போட்டார். திருப்பூரின் வளர்ச்சி தொழிலாளி வீட்டுக்குள் நுழைந்தது அரை ஷிப்ட் வழியாக.

அப்பா மூலனூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவர். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஆடு. பதினாறு வயதில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வந்து, சிங்கர் மெஷின் பிடித்து, ஓவர்லாக் ஏறி டெய்லரானார். 1984இல் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் இருந்தார். 127 நாள். எங்கள் வீட்டில் அந்த எண்ணை வீட்டு நம்பர் மாதிரி எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அம்மாவின் தோடு அப்போது அடகுக்குப் போனது, திரும்பவில்லை. பஞ்சப்படி என்றால் என்னவென்று இப்போதைய பையன்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. விலைவாசி ஏறினால் கூலியும் தானாக ஏறவேண்டும், ஒவ்வொரு தடவையும் வந்து கையேந்த மாட்டோம் என்பது அந்தக் கோரிக்கை. அப்பாவின் டீக்கணக்கை ஒப்பந்தத்தில் எழுதிக்கொடு என்பதுதான் அது.

அதற்கப்புறம் ஊரின் தொழில் அமைப்பே மாறியது. ஒரே கூரைக்குள் நூறு, இருநூறு பேர் இருந்த இடம் உடைந்து, தையல் தனி, கட்டிங் தனி, அயர்னிங் தனி என்று சிதறியது. பத்து மெஷின் போட்டால் ஒரு பவர்டேபிள். நேற்றைய டெய்லர் இன்றைய பவர்டேபிள் முதலாளி. இதை ஊரின் பெருமை என்று சொல்வார்கள். பெருமைதான், நானும் மறுக்கவில்லை; காட்டுக்காரர் மகன் கம்பெனிக்காரர் ஆன ஊர் வேறெங்கும் இவ்வளவு இல்லை. ஆனால் பத்து மெஷின் இருக்கிற இடத்தில் சங்கம் வைக்க முடியாது. அங்கே முதலாளியும் டெய்லரும் பங்காளிகள். ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் மொய் வைத்திருப்பார். கூலியைக் கூட்டிக் கேட்டால் "உனக்குத் தெரியாததா மாப்பிள, பார்ட்டிகிட்ட இருந்து பணம் வரலையே" என்பார். அவர் சொல்வதும் நிஜமாகத்தான் இருக்கும்.

முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 2021இல் போட்டது நான்கு வருடத்துக்கு மொத்தம் 32 சதவீத உயர்வு, அதில் பெரும்பகுதி முதல் வருடத்திலேயே. நாட்டின் பல தொழில் ஊர்களில் இப்படிப்பட்ட மேஜையே கிடையாது என்பதால் இதை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒப்பந்தத்தில் இருக்கும் கூலியை என் பதிவேட்டில் தேடினால் சிலருக்குத்தான் பொருந்தும். கைதேர்ந்த டெய்லர் அதைவிடக் கூடுதலாகவே வாங்குகிறார். சந்தை அவரை ஒப்பந்தத்துக்கு மேலே தூக்கிவிட்டது. கான்ட்ராக்டர் மூலம் வருகிற ஹெல்பருக்கு ஒப்பந்தம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இன்னொன்று, ஒப்பந்தத்தில் ஆண் கூலி பெண் கூலி என்று எழுதுவதில்லை. டெய்லர், கட்டிங், அயர்னிங், செக்கிங் என்று வேலைவாரியாகத்தான் எழுதுவார்கள். கட்டிங் டேபிளில் ஆண்களும் செக்கிங் டேபிளில் பெண்களும் நிற்பது மட்டும் எப்படியோ தற்செயலாக அமைந்துவிடுகிறது.

கூலி ஏன் ஏறவில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் கல்லூரியில் படித்த ஒரு பெயர் ஞாபகம் வரும். ஆர்தர் லூயிஸ். செயின்ட் லூசியா என்கிற குட்டித் தீவில் பிறந்தவர், 1979இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். 1954இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் சாரத்தை எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கோடு போட்டு விளக்கினார். கிராமத்தில் வேலைக்கு மிஞ்சி ஆள் இருக்கும் வரைக்கும், நகரத்துத் தொழிற்சாலை எவ்வளவு வளர்ந்தாலும் கூலியை உயர்த்த வேண்டியதில்லை. கிராமத்தில் கிடைப்பதைவிட ஒரு முப்பது சதவீதம் போல கூடக் கொடுத்தால் ஆள் வந்துகொண்டே இருக்கும். லாபம் மறுபடி முதலீடாகும், தொழிற்சாலை பெருகும், இன்னும் ஆள் வரும். கூலிக் கோடு படுத்தே கிடக்கும். கிராமத்தில் உபரி ஆள் தீர்ந்துபோகும் நாளில்தான் கோடு எழுந்து நிற்கும்.

வகுப்பில் இது ஒரு படமாக இருந்தது. வேலைக்கு வந்த பிறகு அந்தக் கோடு என் அப்பா என்று தெரிந்தது. திருப்பூர் முதலாளி எவ்வளவு சம்பாதித்தார் என்பதை வைத்து அப்பாவின் கூலி நிர்ணயமாகவில்லை. மூலனூர்க் காட்டில் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை வைத்து நிர்ணயமானது.

சரி, மூலனூர் மாறியது. ரேஷனில் அரிசி வந்தது. 2006க்குப் பிறகு நூறு நாள் வேலை வந்தது. அதன் கூலி பெரிதில்லை, ஆனால் "அதுக்கும் கீழ எவன் வருவான்" என்று சொல்ல ஒரு தரை கிடைத்தது. மில்காரர்களும் தோட்டக்காரர்களும் அதைத் திட்டிய திட்டே அது வேலை செய்ததற்குச் சான்று. பிள்ளைகள் பாலிடெக்னிக் போனார்கள். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் ஹாஸ்டலோடு வந்து பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டன. தேனி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்த கூட்டமும் மெலிந்தது. லூயிஸின் கணக்குப்படி இங்கேதான் கோடு எழுந்து நிற்க வேண்டும். சீனாவில் அப்படித்தான் நடந்தது. 2004 வாக்கில் குவாங்டோங் பக்கம் ஆள் தட்டுப்பாடு என்ற பேச்சு கிளம்பியது, அடுத்த பத்து வருடத்தில் அங்கே கூலி மளமளவென்று ஏறியது, அங்கிருந்து கழன்ற ஆர்டரில் ஒரு பங்கு டாக்காவுக்கும் ஒரு பங்கு எங்களுக்கும் வந்தது.

இங்கே ரயில் வந்தது. தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் எக்ஸ்பிரஸ் ஜார்க்கண்டையும் ஒடிசாவையும் கடந்து, காட்பாடி, சேலம், ஈரோடு வழியாகத் திருப்பூரில் நிற்கும். விடுமுறை முடிந்த வாரத்தில் போய்ப் பாருங்கள், பிளாட்பாரத்தில் டிராலி பேக்கும் பிளாஸ்டிக் வாளியுமாக இறங்குவார்கள். எங்கள் கிராமம் காலியானதும் திருப்பூர் தன் கிராமத்தை ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி வைத்துக்கொண்டது. இப்போது ஒரு டெய்லரின் கூலியை மூலனூர் நிர்ணயிப்பதில்லை. ஒடிசாவின் பாலாங்கீரும் பீகாரின் கயாவும் நிர்ணயிக்கின்றன. அதற்காக அந்தப் பையன்கள் மேல் கோபப்படுகிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடியவர்களை நிறுத்தி வைக்க எங்கள் மேனேஜர் ராத்திரி முழுக்க ரூம் ரூமாக அலைந்தார். அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது, இந்த ஊர் யார் கையில் ஓடுகிறதென்று. என் அப்பா இங்கே வந்தபோதும் உள்ளூர்க்காரர்கள் "காட்டுக்காரனுங்க வந்து கூலியக் கெடுத்துட்டானுங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

முதலாளி பக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. ஒரு டீ-சர்ட்டின் கோட்டேஷன் போடுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் நூல் கிலோ விலை. அதன் மேல் நிட்டிங் கூலி, டையிங் கூலி, காம்பாக்டிங், கழிவு. அதிலிருந்து ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி என்று பிரித்து, அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், லேபிள், அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரை லாரி. நூல் விலை பஞ்சுச் சந்தையின் கையில். 2022இல் பஞ்சு ஒரு கேண்டி (356 கிலோ) லட்சம் ரூபாயைத் தாண்டியபோது ஊரே கடையடைப்புச் செய்து பார்த்தது, பஞ்சு கேட்கவில்லை. சாய விலை கோர்ட் கையில். நொய்யலில் சாயத்தண்ணீர் விட்டதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றானது. நியாயமான தீர்ப்பு, ஆனால் அந்தச் செலவு டையிங் கூலியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கரண்ட் பில் வாரியத்தின் கையில். விற்கிற விலையோ வெளிநாட்டு பையரின் கையில். அவர் மெயிலில் டாக்கா விலையை ஒட்டி அனுப்புவார். வங்கதேசத்துக்கு ஐரோப்பாவில் வரியில்லாத நுழைவு, எங்களுக்கு வரி. அங்கே 2023 டிசம்பரிலிருந்து குறைந்தபட்சக் கூலி மாதம் 12,500 டக்கா (அந்த நாட்டு நாணயம்). தொழிலாளர்கள் கேட்டது 23,000, அதற்காகத் தெருவில் இறங்கி உயிரும் விட்டார்கள்.

இத்தனை வரியையும் எழுதி முடித்த பிறகு, கோட்டேஷன் பேப்பரில் ஆர்டரைப் பேசி முடிக்கும் மெர்ச்சண்டைசரின் பேனா அசைக்கக்கூடிய ஒரே வரி தையல் கூலி. அதுவும் பைசாவில். பீஸ் ரேட் பேசும்போது நாங்கள் இன்னும் நாற்பது பைசா, அறுபது பைசா என்றுதான் பேசுகிறோம். இந்த நாட்டில் பைசா உயிரோடு இருப்பது பெட்ரோல் பங்க்கிலும் பனியன் கம்பெனியிலும்தான்.

பைசாவைக் கூட்ட முடியாத இடத்தில் நேரத்தைக் கூட்டுவதுதான் இரண்டு பக்கத்துக்கும் வசதி. முதலாளிக்கு ஷிப்மென்ட் தேதி தப்பாது, டெய்லருக்குக் கவர் கனக்கும். இந்த ஏற்பாட்டில் யாரையும் யாரும் கட்டாயப்படுத்துவதாகத் தெரியாது. ஒன்றரை இல்லாத கம்பெனியில் ஆள் நிற்கவே மாட்டார்கள், புதிதாக வருகிற பையன் முதலில் கேட்பதே "டெய்லி ஒன்றரை இருக்குமா?" என்பதுதான்.

இங்கே நான் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும், எனக்கே சங்கடமான கணக்கு. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் செய்கிற வேலைக்கு இரட்டிப்புக் கூலி. ஆறு நாள், எட்டு மணி நேரம். அதிலேயே 48 முடிந்துவிடுகிறது. ஆகவே அரை ஷிப்ட்டின் நான்கு மணி நேரமும் இரட்டிப்பில் வரவேண்டும். அதாவது அரை ஷிப்ட்டுக்கு ஒரு ஷிப்ட் கூலி. ஒன்றரை போடுகிறவருக்கு இரண்டு. வாரத்துக்கு ஒன்பது என்று நான் எழுதும் இடத்தில் பன்னிரண்டு என்று எழுதியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஒன்பது என்றே எழுதுகிறேன். பையர் பக்கமிருந்து ஆடிட் வரும்போது காட்டுவதற்கு வேறொரு பதிவேடு உண்டு, அதில் எல்லாரும் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எல்லாச் சங்கங்களும் கொந்தளித்தன, மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். டிவியில் விவாதம் சூடு பறந்துகொண்டிருந்த அந்த வாரம் எங்கள் ஃப்ளோரில் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசினால் என்னவென்று பேசுவார்கள்? செய்தி வந்த நேரத்தில் எல்லாரும் மெஷினில் இருந்தார்கள்.

என் பணிக்காலத்தில் ஷிப்ட் விலையே தன் காலில் எழுந்து நின்றதை ஒரே ஒரு தடவை பார்த்தேன். 2020 மே மாதம் தொழிலாளர் சிறப்பு ரயில்களில் வடக்கத்திப் பையன்கள் ஊருக்குப் போனார்கள். நடந்து போனவர்களும் உண்டு. ஊரடங்கு தளர்ந்து ஆர்டர் வந்தபோது ஆள் இல்லை. அதுவரை கூலி பேச வந்தால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற மேனேஜர், ஒடிசாவுக்குப் பஸ் பிடித்து அனுப்பினார். அட்வான்ஸ் என்ற சொல்லே எங்கள் கம்பெனியில் அதுவரை டெய்லர் கேட்பதாகத்தான் இருந்தது. அந்த மழைக்காலத்தில் கம்பெனி கொடுப்பதாக மாறியது. உள்ளூர் டெய்லர்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி தாவி, தாவும்போதெல்லாம் ஷிப்ட்டுக்கு ஐம்பது ரூபாய் கூட்டிக்கொண்டார்கள். ஏற்றுமதி விழுந்து கிடந்த வருடம் அது. வளர்ச்சி கீழே போன வருடத்தில் கூலி மேலே போனது. சில மாதம்தான். ரயில் மறுபடி ஓட ஆரம்பித்ததும் கோடு படுத்துக்கொண்டது.

அந்தப் பையன்கள் ஊருக்குப் போய் என்ன செய்தார்கள் என்பது நாட்டுக் கணக்கில் இருக்கிறது. இந்தியாவில் வேலை செய்வோரில் விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 2018-19இல் 42.5 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2020-21இல் அது 46.5. வளர்கிற நாட்டில் ஆட்கள் வயலிலிருந்து வெளியே வரவேண்டும், இங்கே திரும்பி உள்ளே போனார்கள். இதில் எனக்கு ஆச்சரியமில்லை. பிறகு பொருளாதாரம் மீண்டு, ஏழு எட்டு சதவீதம் என்று செய்தி வந்த 2023-24இலும் அந்தப் பங்கு 46.1. இதுதான் ஆச்சரியம். வளர்ச்சி திரும்பி வந்துவிட்டது, ஆட்கள் திரும்பவில்லை.

வேலையில்லாதோர் விகிதம் 2017-18இல் 6.1 ஆக இருந்து 2023-24இல் 3.2 ஆகக் குறைந்ததை மேடைகளில் சொல்வார்கள். பொய்யில்லை. எங்கள் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது மூலனூரில் மாமா வீட்டு ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறார், யாரும் கூலி தருவதில்லை. கணக்கெடுப்பவர் வந்து கேட்டால் அம்மா வேலையில் இருப்பவர், குடும்பத் தொழிலில் கூலியில்லாத உதவியாளர். அதே ஏழு வருடத்தில் சுயதொழில் செய்வோர் பங்கு 52 சதவீதத்திலிருந்து 58க்கு ஏறியது. வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க வசதி வேண்டும். ஏழை வீட்டில் எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை எப்போதும் இருக்கும். அந்த வேலைக்குக் கவர் உண்டா என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்.

மேல் தட்டிலும் இதே கதைதான் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே 2025 தொடக்கத்தில் எழுதியது. 2023-24இல் பெரிய நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் வளர்ந்தது, அவற்றில் வேலைவாய்ப்பு வளர்ந்தது 1.5 சதவீதம். வழக்கமாக இப்படிப்பட்ட வாக்கியத்தைச் சங்கத்து நோட்டீஸில்தான் படிப்பேன். அரசு அறிக்கையில் படித்தபோது அப்பாவுக்கு போன் போட்டு வாசித்துக் காட்டினேன். "சரி கண்ணு, அவிய எத்தன ஷிப்ட் ஓட்டறாங்களாமா?" என்றார்.

அவர் கேட்டது கிண்டல் இல்லை. அந்தப் பெரிய கம்பெனிகளில் மெஷின் ஓடுகிறது, ஆள் கம்மி. திருப்பூரில் ஆள்தான் எல்லாம். ஓவர்லாக் மெஷினில் துணியைத் திருப்பிக் கொடுக்க இன்னும் ஒரு கை வேண்டும். அதனால் எங்கள் ஊரில் ஏற்றுமதி ஏறினால் வேலை ஏறியே தீரும். நாடு வளர்ந்தும் வேலை வளராத நோய் எங்களுக்கு அவ்வளவாக இல்லை. எங்களுடையது வேறு நோய். வேலை பெருகுகிறது, கூலி நகர மறுக்கிறது, நடுவில் நேரத்தை வைத்து முட்டுக்கொடுத்திருக்கிறோம். டெய்லர்களின் முதுகெலும்பையும் அப்பாவின் கால் வீக்கத்தையும் எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் கழித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

முட்டு எவ்வளவு லேசானது என்று 2025 ஆகஸ்டில் பார்த்தோம். அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு முதலில் 25 சதவீதம் வரி போட்டு, அந்த மாதம் 27ஆம் தேதியிலிருந்து அதை 50 ஆக்கியது. அமெரிக்க பையர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள், சிலர் முடிந்த சரக்குக்கே தள்ளுபடி கேட்டார்கள். செய்திச் சேனல்கள் ஆட்குறைப்பு எத்தனை ஆயிரம் என்று கேட்டு மைக்கோடு சுற்றின. எங்கள் கம்பெனியில் ஒருவரைக்கூட நிறுத்தவில்லை, மேனேஜர் அதைப் பெருமையாகவே கேமராவில் சொன்னார். கூலியையும் குறைக்கவில்லை. ஒப்பந்தம் இருக்கிறது, குறைக்க முடியாது. சாயங்காலம் ஐந்தரைக்கு மெயின் சுவிட்சை அணைத்தார்கள், அவ்வளவுதான்.

வேலைவாய்ப்புக் கணக்கில் ஒரு ஆளும் குறையவில்லை. கூலிக் கணக்கில் ஒரு ரூபாயும் குறையவில்லை. வீட்டுக்குப் போகிற காசில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. புஷ்பா தியேட்டர் பஸ் ஸ்டாப்பில் ஆறு மணிக்கு அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போகிற முகங்கள். எட்டு மணி நேர வேலை என்பது சட்டப்புத்தகத்திலிருந்து எழுந்து எங்கள் ஊருக்கு அப்படித்தான் வந்தது, யாரும் கேட்காத வாரத்தில்.

முதல் சனிக்கிழமை கவர் கொடுக்கும்போது பேட்லாக் மெஷினில் உட்காரும் ஒடியாப் பையன் ஒருவன் வாங்கிக்கொண்டு போய், தூணோரம் நின்று எண்ணிவிட்டு, மறுபடி வரிசையின் முன்னால் வந்தான். கவரை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினான். நாலு வருடத்தில் நல்ல தமிழ் பழகியிருந்தான்.

"அண்ணா, தப்பா போட்டிருக்கு. ஆறுதான் இருக்கு."

பதிவேட்டைத் திருப்பி அவன் பெயருக்கு நேரே விரலை வைத்துக் காட்டினேன். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. அவன் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தான்.

"அடுத்த வாரம்?"

"தெரியலப்பா."

பின்னால் நின்ற அக்கா அவன் தோளைத் தட்டினார். கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வழிவிட்டான்.